கயிறும் கழியும்: திருக்கோவலூர்க் கோபுரமும் தேரும் முன்வைக்கும் விசைச் சமநிலை

முன்னுரை
கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் கல்லின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கல் அமுக்கவிசையைத் தாங்கும். இழுவிசைக்கு எளிதில் உடையும். இழுவிசையால் நிற்கும் அமைப்புகள் கயிற்றாலும் கழியாலும் ஆனவை, அவை நிலைப்பதில்லை. இவ்வேறுபாடு வரலாற்றெழுத்தைப் பாதித்த முறையைக் கள்ளக்குறிச்சி மாவட்டத் திருக்கோவலூரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

டென்செக்ரிட்டி வரலாறு
ஒன்றையொன்று தொடாத தண்டுகளைத் தொடர்ச்சியான கம்பிகளின் இழுவிசை தாங்கி நிற்கும் அமைப்பே டென்செக்ரிட்டி. 1948இல் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் பக்மின்ஸ்டர் ஃபுல்லரிடம் பயின்ற கென்னத் ஸ்நெல்சன் இத்தகைய சிற்பத்தை உருவாக்கினார். பெயரிட்டவர் ஃபுல்லர். இக்கண்டுபிடிப்பு யாருடையது என்பது குறித்து இருவரிடையே நெடுங்காலம் பிணக்கு நிலவியது. ஆயினும் 1921இல் மாஸ்கோ கண்காட்சியில் கார்ல் இயோகான்சன் இதையொத்த அமைப்புகளை வைத்திருந்தார். அவருடைய மூலப் படைப்புகள் அழிந்தன. ஒளிப்படங்கள் எஞ்சியமையாலேயே அவர் வரலாற்றில் இடம்பெற்றார்.

கோபுரமும் தேரும்
திருக்கோவலூர் உலகளந்த பெருமாள் கோயிலின் பதினொரு நிலை இராசகோபுரம் 192 அடி உயரமுடையது. கருங்கல் அடித்தளத்தின்மேல் செங்கல்லும் சுதையுமாக எழும் இத்தகைய கோபுரங்களில் ஒவ்வொரு நிலையின் எடையும் கீழ்நிலையை அழுத்துகிறது. அவ்வழுத்தமே உறுதி தருகிறது.

தேரின் மேற்பகுதியும் விமான வடிவத்தையே காட்டுகிறது; விசைப்பாதை வேறு. மரச்சிற்பங்கள் நிறைந்த அடிப்பகுதி நிலையானது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலையின் உறவு இப்பகுதியோடுதான். அதன்மேல் மூங்கிலும் சவுக்குக் கழிகளும் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டுத் தேர்ச்சீலை போர்த்தப்படுகின்றன. தேர் அசையும்போது ஆணியடித்த மூட்டு தளர்ந்துவிடக்கூடும். கயிற்றுக் கட்டோ சற்று நெகிழ்ந்து மீளும். கல்லில் எடை செய்வதை இங்கு முறுக்கேறிய கயிறு செய்கிறது.

மதிப்பீடு
இதனைக் கொண்டு டென்செக்ரிட்டியைத் தமிழர் முன்பே கண்டனர் எனல் பொருந்தாது. தேரின் கழிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. எடை கழிவழியே தொடர்ந்து தேர்த்தட்டுக்கு இறங்குகிறது. ஸ்நெல்சனின் 1968ஆம் ஆண்டு ‘ஊசிக் கோபுர’த்தில் அத்தொடர்ச்சி இல்லை. முன்கூட்டியே இழுத்திறுக்கிய கயிற்றால் உறுதி பெறுதல் என்னும் ஒரு கூறே இரண்டிற்கும் பொது. அக்கூறு தனி ஆய்வுக்குரியது. முந்துரிமை கோருவதால் அது மறைந்துபோகும்.

முடிவுரை
கோபுரம் நிற்பதால் ஆராயப்படுகிறது. தேரின் மேற்பகுதியோ விழா முடிந்ததும் அவிழ்க்கப்படுகிறது; அதன் அறிவு கட்டுவோர் கைகளில் மட்டுமே தங்குகிறது. இயோகான்சனுக்கு ஒளிப்படங்கள் செய்த பணியைத் தேர்க்கட்டுக்கு வரைபடமும் அளவுக்குறிப்பும் செய்யவேண்டும். இரும்புச் சட்டங்கள் கயிற்றின் இடத்தைப் பிடிக்கும் முன்னரே முடிச்சு, கழி இடைவெளி, கட்டும் வரிசை ஆகியவற்றைக் களத்தில் பதிவு செய்தல் இன்றியமையாதது.