'டிட்' வந்தா வி1

கல்லூரி முடித்த வருடம் ஒரு இன்டர்வியூ. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டார்கள். "ஐ டிட் நாட் காட் தி டேட்டா" என்றேன். எதிரே இருந்த இருவரில் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு ப்ராஜெக்ட் பற்றி யாரும் கேட்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

விதி எனக்குத் தெரியாததல்ல. "டிட் வந்தா வி1 போடணும்" என்று எட்டாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "ரூல்னா ரூல்தான்டா" என்று பதில் வந்தது. பல வருடம் கழித்துத்தான் தேடிப் படித்தேன். அந்த விதிக்கு அப்படியொன்றும் வயதாகவில்லை.

ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலத்தில் மறுப்புக்கு வினையின் முன்னால் 'நெ' என்றொரு சின்னச் சொல் போதும். 'இச் நெ வாட்' என்றால் எனக்குத் தெரியாது. அழுத்தமில்லாத சொல், பேச்சில் எளிதில் கரைந்துவிடும். அதற்கு முட்டுக்கொடுக்க 'ஒன்றும்' என்ற பொருள்படும் இன்னொரு சொல்லை வினைக்குப் பின்னால் சேர்த்தார்கள். நாம் "ஒண்ணுமே தெரியல" என்று அழுத்திச் சொல்கிறோமே, அதுபோல. எல்லோரும் எப்போதும் அழுத்த ஆரம்பித்தால் அது அழுத்தமாக இருக்காது. முட்டுக்கொடுத்த சொல் தூணாகி, 'நெ' உதிர்ந்துபோனது. மிஞ்சியதுதான் 'நாட்'.

டென்மார்க்கின் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இல் இந்தச் சுழற்சியைப் பல மொழிகளிலும் காட்டினார். பிரெஞ்சில் 'காலடி' என்ற பொருளுள்ள 'பா' இப்படித்தான் மறுப்புச் சொல்லானது.

ஆக, 1500 வாக்கில் 'ஐ ஸே நாட்', 'ஹி வென்ட் நாட்' என்பதெல்லாம் நல்ல ஆங்கிலம். 'டூ' பரவியது அதன் பிறகுதான். ஸ்வீடனின் ஆல்வர் எல்லேகோர்ட் பழைய நூல்களில் 'டூ' வரும் இடங்களை எண்ணி எண்ணிப் பார்த்து, 1953இல் அதன் வளர்ச்சியை ஒரு நூலாக எழுதினார். 'நோ', 'டவுட்' மாதிரியான சில வினைகள் கடைசிவரை முரண்டுபிடித்தன. ஷேக்ஸ்பியரில் இரண்டு வடிவமும் உண்டு. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 'நோ நாட்' ஏராளம்.

ஏன் 'டூ'? அக்கம்பக்கத்துக் கெல்டிக் மொழிகளின் தாக்கம் என்பது ஒரு கட்சி. இன்னொரு கட்சி, வாக்கிய அமைப்பு மாறியதைச் சொல்கிறது. முக்கிய வினை 'நாட்'டைத் தாண்டி முன்னால் போவதை நிறுத்திவிட்டது. காலத்தைச் சுமக்க அங்கே ஒரு ஆள் வேண்டும். அந்தக் கூலியாள்தான் 'டிட்'. மூட்டை அதன் தலைக்குப் போனபின் முக்கிய வினை வெறுங்கையோடு நடக்கிறது. வி1 என்பது அந்த வெறுங்கைதான். இதை எட்டாம் வகுப்பில் சொல்லியிருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

நம் பக்கம் கதை வேறு. 'நேற்று போகவில்லை', 'இன்றும் போகவில்லை' இரண்டுக்கும் ஒரே சொல். பழைய 'போகேன்', 'வாரான்' வடிவங்களிலும் காலம் காட்டும் உறுப்பு கிடையாது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைக் கவனித்திருக்கிறார். மறுக்கும்போது காலத்தை எங்கேயும் வைக்காமல் பேசி வளர்ந்தவன், ஆங்கிலத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு இடத்தில் வைத்துவிட்டேன் என நினைக்கிறேன்.

நியாயமாகச் சொன்னால், 'டிட் நாட் காட்' எந்த நூற்றாண்டிலும் சரியான ஆங்கிலமாக இருந்ததில்லை. ஆனால் ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளும் பேசப் பழகும்போது இதே தவறைச் செய்கிறார்கள். யாரும் அவர்களை வெளியே அனுப்புவதில்லை. வளரும் குழந்தை என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்போது மேஜையின் இந்தப் பக்கம் நான் உட்காருகிறேன். போன மாதம் ஒரு பெண், "சர்வர் டிட் நாட் ரெஸ்பாண்டட்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. "அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். லாக் ஃபைலில் ஆரம்பித்து இருபது நிமிடம் சொன்னார்.