ஸ்டாண்டர்ட் 2000: பராமரிப்பும் பழுதுநீக்கமும்

ஸ்டாண்டர்ட் 2000 என்பது சென்னையை அடுத்த வண்டலூரில் 1985 முதல் 1988 வரை தயாரான பெட்ரோல் கார். பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 என்னும் சொகுசுக் காரின் இந்திய வடிவம் இது. தயாரித்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல் தொடங்கிய நிறுவனம். வேன்கார்டு, ஹெரால்டு, கெஸல் ஆகிய கார்களையும் இதற்கு முன் அதுவே விற்றது. இன்று ஓடும் நிலையில் உள்ள ஸ்டாண்டர்ட் 2000 கார்கள் மிகச் சில. அவற்றைக் காப்பாற்றுவதில் எளிய பகுதி எது, கடினமான பகுதி எது என்பதில் பலர் நினைப்பதற்கு நேர்மாறான நிலையே உள்ளது.

உடல் ரோவர், எஞ்சின் வேன்கார்டு

டேவிட் பேச் வடிவமைத்த எஸ்டி1 பிரிட்டனில் 1976இல் வெளிவந்து, 1977க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்றது. தாழ்ந்த மூக்கு, பின்னால் சரிந்து இறங்கும் கண்ணாடி, மேல்நோக்கித் திறக்கும் ஐந்தாம் கதவு என்று அக்காலத்துக்கு அது புதுமை. அங்கே அதன் பெயரை நாட்டியது 3528 சிசி வி8 எஞ்சின். திறன் 155 குதிரைச்சக்தி. வண்டலூர்க் காருக்குக் கிடைத்ததோ 1991 சிசி, நான்கு சிலிண்டர், 83 குதிரைச்சக்தி. 1940களில் வேன்கார்டுக்காக உருவான எஞ்சின் வரிசையைச் சேர்ந்தது அது. அதே வரிசைதான் ஃபெர்குசன் டிராக்டரையும் டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரையும் ஓட்டியது.

விலை அதிகம், பெட்ரோல் குடிக்கும், இழுவை போதாது. மாருதி 800 வந்து சந்தையே மாறிவிட்டிருந்த நேரம் வேறு. வாங்கியவர்கள் எஞ்சினைத்தான் திட்டினார்கள். நாற்பது ஆண்டு கழித்துப் பார்த்தால், காரைச் சிற்றூரில் வைத்துக்கூட ஓட்ட முடிகிறதென்றால் அதற்குக் காரணம் அந்தப் பழைய எஞ்சின்தான்.

எஞ்சின் வேலை

இதில் உள்ளது நீர் சூழ்ந்த லைனர். சிலிண்டர் பிளாக்கில் கடையப்படுவதில்லை. தனி லைனராக உள்ளே உட்காரும், அதன் வெளிப்புறத்தைச் சுற்றித் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் பிளாக்கை போரிங் போட வேண்டியதில்லை; லைனரையும் பிஸ்டனையும் செட்டாக மாற்றினால் போதும். டிராக்டர் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய முறை. கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்கள் நிறைந்த தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இந்த அடிப்படையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

விளக்க வேண்டியது வேறொன்று. லைனர் அடியில் மெல்லிய கேஸ்கட்டின் மேல் நிற்கிறது. அதை அழுத்திப் பிடிப்பது மேலே இருக்கும் ஹெட். ஹெட்டைக் கழற்றிவிட்டுக் கிராங்கைச் சுற்றினால் பிஸ்டன் லைனரையும் சேர்த்துத் தூக்கும். கேஸ்கட் பிடி விடும். திரும்ப மாட்டி ஓட்டினால் தண்ணீர் சம்ப்பில் இறங்கி ஆயில் மோர் நிறத்துக்கு மாறும். ஆகவே ஹெட் இறங்கியதும் வாஷரும் போல்ட்டும் போட்டு லைனர்களை இறுக்கி வைப்பது முதல் வேலை. பொருத்தும்போது லைனரின் விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிட 3 முதல் 5 தவ், அதாவது இன்ச்சில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு, மேலே நிற்க வேண்டும். குறைந்தால் ஹெட் கேஸ்கட் தாங்காது.

ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றுவது இந்த எஞ்சினுக்குச் செய்யும் பெரிய கெடுதல். உப்பு லைனரின் வெளிப்பக்கம் படியும், துரு அரிக்கும். பேட்டரித் தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதே சரி. வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் வளைவுகளில் 83 குதிரைச்சக்தி இந்தக் கனத்த உடலை இழுக்கும்போது சூடு ஏறுவது இயல்பு. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தால் மலையடிவாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடு முழுவதும் நின்றுபோனதால், பழைய வால்வு இருக்கைகள் வேகமாகத் தேயும். ஹெட் இறங்கும் சமயத்திலேயே லேத் பட்டறையில் கடினமான வளையங்கள் அடித்துக்கொள்வது நல்லது. இப்போதைய 20 விழுக்காடு எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் கெடுக்கும். கசிவு தென்படும்வரை காத்திராமல் மாற்றிவிட வேண்டும். எஞ்சினில் உள்ளவை இன்ச் அளவு போல்ட்டுகள் என்பதால் மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டால் தலை மழுங்கும். அம்பாசிடர், ஹெரால்டு வேலை பார்த்த பழைய மெக்கானிக்கிடம் இன்ச் செட் இருக்கும்.

உடல் வேலை

பாராட்டு வாங்கிய ரோவர் உடல்தான் உண்மையில் கையைக் கட்டிப்போடுவது. பின்கதவின் கீழ் விளிம்பு, கதவுகளின் அடிப்பகுதி, சக்கர வளைவுகள் ஆகியவை எஸ்டி1 எங்கும் துருப்பிடிக்கும் இடங்கள். கடற்கரைச் சென்னையைவிட உள்நாட்டில் துரு மெதுவாக வரும். ஆனால் வெயிலில் டேஷ்போர்டு வெடிக்கும், கண்ணாடி பீடிங் இறுகிப்போகும். தகட்டை டிங்கரிங் செய்து சரிக்கட்டலாம். கண்ணாடி, விளக்கு, பீடிங் ஆகியவற்றை உள்ளூரில் செய்ய வழியில்லை. தொழிற்சாலையில் தேங்கிய உதிரிபாகங்களைப் பின்னாளில் பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கிக் கப்பலேற்றிவிட்டது. சென்னையில் கிடந்த பொருளை இன்று இங்கிலாந்திலிருந்து இறக்குமதி வரி கட்டி வரவழைக்க வேண்டிய நிலை.

டீசல் எஞ்சின் மாற்றிய கார்களும் உண்டு. அப்படி மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவுச் சான்றிதழில் திருத்தம் வேண்டும். பழமையின் மதிப்பும் போய்விடும். 2021இல் வந்த பழங்கால வாகன விதி 50 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கே பொருந்தும். முதல் ஸ்டாண்டர்ட் 2000 அந்த வயதை எட்டுவது 2035இல். அதுவரை 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.