லயமும் வீடும்: மலையகத் தமிழர் வாழிடத்தைப் படிக்கும் முறை பற்றி

இலங்கை மலையகத் தமிழரைப் பற்றிய ஆய்வுகளில் லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு, பெரும்பாலும் ஒரு குறைப்பட்டியலாகவே இடம்பெறுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, தகரக் கூரை, ஒழுகும் முகடு, பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ். பட்டியலில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அதோடு நின்றுவிடும் ஆய்வு, தோட்டத் துரை சொன்னதையே வேறு குரலில் சொல்கிறது: லயம் கம்பெனி கொடுத்த தங்குமிடம், அது யாருக்கும் வீடல்ல. இக்கட்டுரை இதை மறுக்கிறது. லயம் வீடாகவே இருந்தது. அதில் வாழ்ந்தவர்கள் தங்கள் உழைப்பாலும் சடங்குகளாலும் அதை வீடாக்கினார்கள். அந்த ஆக்கத்தை ஏற்க மறுத்ததில்தான் தோட்ட நிர்வாகத்துக்கும் இலங்கை, இந்திய அரசுகளுக்கும் ஒற்றுமை இருந்தது.

கோப்பிக் காலத்தில் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுபோனபோது வேலை பருவத்துக்கு உரியதாக இருந்தது. பழம் பறிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்த பிறகு நிலைமை மாறியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், பெண்கள் வேண்டும், குடும்பம் வேண்டும். தோட்டத்துக்கு நிரந்தரக் குடிகள் தேவைப்பட்டார்கள். ஆனால் குடிகளுக்குரிய உரிமை எதையும் கொடுக்க அது தயாராக இல்லை. இந்த முரண்பாட்டுக்குச் செங்கல்லிலும் தகரத்திலும் கண்ட தீர்வே லயம். தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தவனுக்குக் காம்பரா உண்டு. பேர் வெட்டினால் காம்பராவும் போகும். வாடகை கிடையாது, ஆகவே குத்தகையாளன் என்ற சட்டப் பாதுகாப்பும் கிடையாது. வேலை ஒப்பந்தத்தின் வால்தான் வீடு. சங்கம் கட்ட முனைந்த தொழிலாளியை அடக்க நிர்வாகத்தின் கையில் இதைவிடக் கூர்மையான ஆயுதம் இருந்ததில்லை. சி.வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டதற்கு இந்த வரலாறே பின்புலம்.

ஆனால் காம்பராவுக்குள் நடந்தது வேறு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் இஸ்தோப்பு என்னும் முன்பக்கத் திண்ணையைப் பலகையும் பழைய தகரமும் வைத்து அடைத்து இன்னொரு அறை எழுப்புவார்கள். இதற்குத் துரையின் அனுமதி வேண்டும். பல இடங்களில் அனுமதி வரும்முன்பே சுவர் எழுந்துவிடும். அடுப்படிச் சுவரைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மண் பூசி மெழுகிக் கோலம் போடுவார்கள். லயத்துக் கோடியில் கீரை, பீன்ஸ், சௌசௌப் பந்தல். யாருக்கும் பத்திரம் இல்லை, என்றாலும் எந்தப் பந்தல் யாருடையது என்பதில் லயத்தில் சந்தேகமே இராது. மேட்டு லயம், பணிய லயம் என்ற பிரிவும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் யார் யார் கூட வேண்டும் என்ற முறையும் தலைமுறை தாண்டி நின்றன. சாதியும் இந்த வரிசைக்குள் புகுந்து, எந்தக் குடும்பத்துக்கு எந்த லயம் என்று தீர்மானித்தது. அதை மறைத்துவிட்டு லயத்தைப் போற்றுவது நேர்மையாகாது.

என் வாதத்துக்கு வலுவான சான்று தோட்டத்துத் தெய்வங்களே. மாரியம்மனும் முனியாண்டியும் கடல் கடந்து கூடவே வந்தவர்கள். ஆனால் தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனி எந்தத் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்தும் வந்தவர் அல்லர். கவ்வாத்து வெட்டுக்கு, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிப்பதற்கு, முன் படையல் ஏற்கும் கவ்வாத்துச்சாமியும், கொழுந்துச்சாமியும் அப்படியே. மலைச்சரிவில், கத்தி பிடித்த கையின் அச்சத்திலிருந்தும் இயந்திரத்தின் அருகே நின்றவனின் கவலையிலிருந்தும் பிறந்த சாமிகள் இவை. தற்காலிகமாகத் தங்கும் இடத்தில் மக்கள் பழைய தெய்வத்தைக் கும்பிட்டுக்கொள்வார்கள். புதுத் தெய்வத்தை நிலைநிறுத்த மாட்டார்கள். மாசி மாதம் காமன் கூத்துக்கென்று ஒதுக்கப்படும் காமன் பொட்டலும் இவ்வகைச் சான்றே. நில வரைபடத்தில் அது தோட்டத்தின் தரிசு. தோட்டத்து மக்களுக்கோ பாட்டனார் ஆடிய களம். நில அளவையாளர் காணாத இந்த வரைபடத்தை நாட்டாரியல் துறை ஓரளவு பதிந்திருக்கிறது. குடியுரிமை, வீட்டுரிமை பற்றிய விவாதங்களில் அது சான்றாக எடுத்துக்கொள்ளப்படாதது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

அரசுகள் கேட்ட சான்று வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வம்சாவளியைக் கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் வதிவாளர் சட்டம் தொடர்ச்சியான வசிப்பைக் கேட்டது: மணமானவருக்கு 1946 ஜனவரி 1க்கு முந்தைய ஏழு ஆண்டுகள், மணமாகாதவருக்குப் பத்து. சொந்தக் கதவு இலக்கமோ வரி ரசீதோ இல்லாத லயத்துக்காரர், தாம் இங்கேயே இருந்ததை நிரூபிக்கத் தோட்டத்தின் பேரேட்டையே நம்ப வேண்டியிருந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. பிறகு 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பேச்சுவார்த்தையில் அம்மக்களின் தலைவர்களுக்கு இடமே தரப்படவில்லை. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி இன்னொரு பட்டியலிலும் விழுந்தார்கள்.

தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமில் பதிந்துகொண்ட குடும்பங்களில் ஒரு பகுதி நீலகிரிக்குப் போனது. இவர்களுக்காகவே தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீ என்னும் கழகமாயிற்று. கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் காடு திருத்தித் தேயிலை நட்டவர்கள் இவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்ததும் வேலையோடு கட்டிய வீடுதான். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். இலங்கையில் ‘இந்தியாக்காரர்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் தமிழகத்தில் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். 2022இல் கழகத்தின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கு ஒப்படைக்க அரசு ஆணையிட்டபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய குடியிருப்புகளின் கதி மீண்டும் கேள்வியானது. பூர்வீக நாட்டுக்கு அனுப்பிவிட்டால் வீட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற 1964இன் கணக்கு, இந்த ஒரு நிகழ்வாலேயே பொய்த்துவிடுகிறது. பிரச்சினை நாட்டில் இல்லை. உழைப்பவரின் வீட்டை வேலைக்கு அடகாக வைக்கும் முறையில் இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். லயத்தை வீடு என்று ஏற்றால் அதன் கொடுமையையும் ஏற்றதாகாதா? 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. அபாயம் முன்பே தெரிந்த இடம் அது. மக்கள் பற்றினால் அங்கே தங்கிவிட்டார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எழுந்து போக அவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. வீடாக்கியது அவர்கள் செயல், அபாயத்தில் இருத்தியது உடைமை முறை. முதலாவதை மறுத்தால் அவர்கள் கோரிக்கை கருணைக்கான மனுவாகச் சுருங்கிவிடும். ஏற்றுக்கொண்டால்தான், தலைமுறைகளாக உருவாக்கிய ஒன்றுக்கு உரிமை கேட்கும் வழக்காக அது நிற்கும்.

ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் இன்றைய திட்டங்களையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகளும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. வரவேற்க வேண்டியவைதாம். ஆனால் வீடு முதலில், உறுதிப்பத்திரம் பிறகு என்ற வரிசை பழைய நோயையே புதுச் சுவருக்குள் கொண்டுவருகிறது. எந்த லயத்துக் குடும்பங்கள் எங்கே அருகருகே அமர வேண்டும், கோயிலும் காமன் பொட்டலும் மயானமும் யார் பெயரில் பதிவாக வேண்டும் என்பதையும் மக்களிடமே கேட்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். அதுவரை பிரதேச சபைக்கு வாக்களித்த ஒரு தோட்டத்துப் பெண், தன் லயத்துக்கு வரும் பாதையைச் சீராக்கச் சபையைக் கேட்க முடியவில்லை. பாதைக்கு இப்போது கேட்கலாம். காம்பரா யாருடையது என்ற கேள்விக்குப் பல தோட்டங்களில் பதில் இன்னும் நிர்வாகத்தின் அலுவலகத்தில்தான் இருக்கிறது.