ஒளியைச் செதுக்கியவர்கள் – 7: கினானின் உலை

இடிந்து விழுந்த வீட்டுக்குள் ஒரு பையன் உயிரோடு கிடக்கிறான் என்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். மியூனிக் நகரம், 1801 ஜூலை 21. பல மணி நேரம் போராடி, மரச்சட்டங்களையும் சுவர்த் துண்டுகளையும் அகற்றி, 14 வயது யோசஃப் ஃபிரான்ஹோஃபரை வெளியே எடுத்தார்கள். பட்டறை முதலாளி வைக்செல்பெர்கரின் மனைவி அதே இடிபாட்டில் இறந்துபோனார்.

மீட்புப் பணியைப் பார்க்க பவேரியாவின் ஆட்சியாளர் மாக்சிமிலியனே நேரில் வந்தார். தாய் தந்தையை இழந்து, கூலியில்லாத் தொழில் பழகுநராக இருந்த அந்தப் பையனுக்கு 18 டுகாட் பொற்காசுகளைக் கொடுத்தார். பையன் அந்தத் தங்கத்தில் முதலில் வாங்கியது ஒரு கண்ணாடி தேய்க்கும் இயந்திரம். மீதியைக் கொடுத்து, ஒப்பந்தத்தில் பாக்கியிருந்த மாதங்களிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டான். அடுத்து, முகவரி அட்டைகளுக்குச் செப்புத் தகட்டில் எழுத்துச் செதுக்கிப் பிழைக்கப் பார்த்தான். போர்க்காலம், அட்டை கேட்டு ஆள் வரவில்லை. பழைய பட்டறைக்கே திரும்பினான்.

இடிபாட்டின் அருகே அன்று இன்னொருவரும் நின்றிருந்தார். அரசு அதிகாரியும் தொழில் முனைவோருமான யோசஃப் உட்ஷ்னைடர். அவர் பையனுக்குக் கணக்குப் புத்தகங்களும் ஒளியியல் புத்தகங்களும் கொடுத்தார். 1806-ல் தன்னுடைய கருவிகள் செய்யும் நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

அந்த நிறுவனத்துக்கு அப்போது ஒரு பெரிய சிக்கல். பவேரியாவை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடமாக்க வேண்டும். அதற்குக் கோணம் அளக்கும் தியோடலைட்டுகள் வேண்டும். இரும்பு, பித்தளை வேலையில் நிறுவனத்தின் பங்குதாரர் ரைஷன்பாக் கெட்டிக்காரர். ஆனால் கருவியின் கண்ணான லென்ஸுக்கு நல்ல கண்ணாடி கிடைக்கவில்லை. நிறப்பிழை இல்லாத லென்ஸ் செய்ய இரண்டு வகைக் கண்ணாடிகளை இணைக்க வேண்டும் என்பதை டாலண்ட் காலத்து அத்தியாயத்தில் பார்த்தோம். அவற்றில் கிரவுன் கண்ணாடி எளிதில் கிடைத்தது. ஈயம் கலந்த ஃபிளின்ட் கண்ணாடிக்கு இங்கிலாந்தை நம்பியிருந்தார்கள். நெப்போலியனின் வணிகத் தடை அந்த வழியை அடைத்துவிட்டது.

வழி திறந்திருந்தாலும் பெரிய லென்ஸுக்கு அந்தக் கண்ணாடி உதவியிருக்காது. உருகிய நிலையில் கனமான ஈயம் அடியில் தங்கிவிடும். மேலே ஒரு அடர்த்தி, கீழே ஒரு அடர்த்தி. சர்க்கரைக் கட்டியை வெந்நீரில் போட்டுக் கலக்காமல் விட்டால் நீருக்குள் நெளிநெளியாக இழைகள் தெரியுமே, அதே இழைகள் ஆறிய கண்ணாடிக்குள் உறைந்துவிடும். அதன் வழியே பார்த்தால் நட்சத்திரம் பிசிறடிக்கும்.

இந்த இடத்தில்தான் நம் தொடரின் மிகப் பிடிவாதமான மனிதர் வருகிறார். பியர் லூயி கினான், சுவிட்சர்லாந்தின் லெ பிரெனே என்ற மலைக் கிராமத்துத் தச்சர். கடிகாரங்களுக்குப் பெட்டி செய்து பிழைத்தவர். ஒரு நாள் ஆங்கிலேயத் தொலைநோக்கி ஒன்றைப் பார்த்துவிட்டார். அதுபோல ஒன்றைத் தானே செய்துவிட வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது. கண்ணாடி கிடைக்காததால் கண்ணாடியையே உருக்கத் தொடங்கினார். உலை வெடிக்கும், பானை விரியும், மாதக்கணக்கான உழைப்பு ஓர் இரவில் பாழாகும். மணி வார்க்கும் தொழிலுக்கு மாறினார். அதில் வந்த வருமானத்தையும் உலையிலேயே போட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படி.

1805 வாக்கில் அவருக்கு விடை கிடைத்தது. உருகிய கண்ணாடியைக் கிளற வேண்டும். இரும்புக் கோலால் கிளறினால் இரும்பு கரைந்து கண்ணாடி கறைபடும். ஆகவே உலைக்களிமண்ணில் சுட்ட ஒரு கோல் செய்து, அதன் தலையில் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றினார். ஈயம் அடியில் தங்கவில்லை, குமிழ்கள் மேலேறி வெளியேறின, இழைகள் மறைந்தன. கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவர் ஒரு மண் கோலால் இதைச் சாதித்தார். அறிவியல் வரலாறு இவருக்கு இன்னும் பெரிய இடம் தந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

உட்ஷ்னைடர் அவரைப் பவேரியாவுக்கு அழைத்துவந்தார். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் பெனடிக்ட்பொயர்ன் மடாலயம் அரசால் கலைக்கப்பட்டுக் காலியாகக் கிடந்தது. துறவிகள் வாழ்ந்த இடத்தில் உலை எரியத் தொடங்கியது. தொழில் ரகசியம் வெளியே போகாமலிருக்க ஒப்பந்தங்கள் இருந்தன.

சிறிது காலத்தில், அந்த ரகசியத்தை இளைஞர் ஃபிரான்ஹோஃபருக்குக் கற்றுக்கொடுக்குமாறு கினானிடம் சொல்லப்பட்டது. கற்றுக்கொடுப்பவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கற்பவருக்கு இருபத்திரண்டு. ஆயுளைத் தின்ற ரகசியத்தை ஒரு மாணவனிடம் ஒப்படைக்கச் சொன்னால் மனம் எப்படி இருக்கும்? இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1814-ல் கினான் ஊர் திரும்பினார். அங்கே போய் மறுபடியும் உலை மூட்டினார்.

ஃபிரான்ஹோஃபர் வேறு மாதிரி மனிதர். கினானின் கைப்பழக்கத்தை அவர் அளவாகவும் கணக்காகவும் மாற்றினார். தேய்த்துச் சரியாக வந்த வளைவை மெருகேற்றும் வேலை கெடுத்துவிடுவது அக்காலத்துப் பெரிய தலைவலி. நல்ல லென்ஸ் என்பது தொழிலாளியின் கைராசி. மெருகேற்றும்போதே தேய்ப்பின் பிழைகளும் திருந்துமாறு ஓர் இயந்திரத்தை அவர் வடிவமைத்தார். முடிந்த லென்ஸின் மேல் துல்லியமான மாதிரிக் கண்ணாடியை வைத்து, இடையில் தோன்றும் வண்ண வளையங்களைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடித்தார். விரலுக்கும் கண்ணுக்கும் எட்டாத பிழையை அந்த வளையங்கள் காட்டிக்கொடுத்தன.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கியிருந்தது. ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் இரு லென்ஸ்களைக் கணக்கிட்டு இணைக்க முடியும். ஆனால் நிறமாலையில் சிவப்பு எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது? எல்லையே இல்லை. அளவுகோலை எங்கே வைப்பது?

விளக்குச் சுடரின் ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்திப் பார்த்தார். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில், கூர்மையான ஒரு பிரகாசமான கோடு, எப்போதும் அதே இடத்தில். நெடுநாள் தேடிய அளவுகுறி கிடைத்துவிட்டது! விளக்கில் இருக்கும் கோடு சூரிய ஒளியிலும் இருக்க வேண்டுமல்லவா?

அறையை இருட்டாக்கினார். சன்னல் கதவில் மெல்லிய பிளவு ஒன்றை விட்டார். உள்ளே விழுந்த வெயில் கீற்றின் எதிரே ஃபிளின்ட் கண்ணாடிப் பட்டகத்தை நிறுத்தி, தியோடலைட்டின் தொலைநோக்கியைத் திருப்பி, அந்தப் பிரகாசமான கோட்டைத் தேடினார்.

அது அங்கே இல்லை. அதற்குப் பதிலாக வேறு ஏதோ இருந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கில்! கண்ணாடியில் குறையா, கருவியில் பிழையா, இல்லை சூரியனிலேயே ஏதாவதா?

(தொடரும்)