காப்டன் வாத்தியார்

ஒரு பள்ளிக்கூடத்தின் பெருமையைச் சொல்லச் சொன்னால் நாம் சாதாரணமாக என்ன சொல்லுகிறோம்? இத்தனை பேர் பரீட்சைக்குப் போனார்கள், இத்தனை பேர் தேறினார்கள் என்று கணக்குச் சொல்லுகிறோம். கணிதமும் இலக்கணமும் பள்ளிக்கூடத்தின் சொந்தப் பிள்ளைகள். பாட்டும் வாத்தியமும் நாடகமும் கையெழுத்துப் பத்திரிகையும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள். பணமுடை வந்துவிட்டால் முதலில் விடை கொடுத்து அனுப்புவது விருந்தாளிக்குத்தானே? அந்த விருந்தாளிகளை வீட்டுக்காரர்களாகவே ஆக்கிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் கதையை இங்கே சொல்லுகிறேன்.

அது அமெரிக்காவில், சிகாகோ நகரத்தின் தென்புறத்தில் எழுந்த பொதுப் பள்ளிக்கூடம். அது பிறந்த விதமே வேடிக்கையும் வேதனையும் கலந்தது. முதல் உலக யுத்த காலம் தொட்டுத் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டுக் கறுப்பு மக்கள் கூட்டங்கூட்டமாக ரயிலேறிச் சிகாகோவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு ஊரில் நினைத்த இடத்தில் வீடு கிடைக்காது. "கறுப்பர்களுக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை" என்று வெள்ளையர் தெருக்களில் வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் நிறைவேற்றிக் கொடுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 1948ல்தான். அதுவரையில் லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரு குறுகலான பட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அங்கிருந்த வெண்டல் பிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளி நிரம்பி வழிந்தது. பக்கத்தில் புதிய பள்ளி கட்டத் தொடங்கினார்கள். பொருளாதார மந்தம் வந்து வேலை நின்றது. பிறகு மத்திய சர்க்காரின் பணம் வந்து, 1935ல் கதவு திறந்தது.

1936ல் அதற்கு டுஸாபில் என்று பெயர் வைத்தார்கள். யார் இந்த டுஸாபில்? 1780களில் சிகாகோ ஆறு ஏரியோடு கலக்கிற இடத்தில், அந்த மண்ணின் ஆதிகுடிகளுக்கு அப்பால், முதன்முதலாக நிலையாய்க் குடியேறிய வியாபாரி. அவர் கறுப்பர். ஊருக்கே அஸ்திவாரம் போட்டவரின் இனத்துக்கு அதே ஊரில் இஷ்டப்பட்ட தெருவில் குடியிருக்க இடமில்லை! பிள்ளைகள் தினந்தோறும் பள்ளிக்கூட வாசலில் படித்த முதல் சரித்திர பாடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தவர் வால்டர் ஹென்றி டயட். 1901ல் பிறந்தவர். வைத்தியம் படிக்க ஆசைப்பட்டார். குடும்ப பாரம் விடவில்லை. பிடிலை எடுத்துக்கொண்டு, வெண்டோம் தியேட்டரில் எர்ஸ்கின் டேட்டின் வாத்திய கோஷ்டியில் வாசித்துச் சம்பாதித்தார். மாகாணப் படையின் வாத்தியக் குழுவை நடத்தியதால் 'காப்டன்' பட்டம் ஒட்டிக்கொண்டது. 1931ல் வெண்டல் பிலிப்ஸில் வாத்தியாரானார். புதுப் பள்ளி திறந்ததும் அங்கே வந்து, 1960களின் தொடக்கம் வரையில் இருந்தார்.

அவர் நல்ல வார்த்தை சொல்லித் தட்டிக்கொடுக்கிற ரகம் அல்ல. நூறு வாத்தியங்கள் ஒன்றாக முழங்கும்போது ஓர் அபஸ்வரம் விழுந்தால், அது எந்த மூலையிலிருந்து வந்ததென்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த மாத்திரத்தில் கைக்கோல் அந்த மூலையை நோக்கிப் பறக்கும். நேரம் தவறினவனையும் பாடம் பண்ணாதவனையும் வெளியே அனுப்பிவிடுவார். போனவன் வெட்கப்பட்டுத் திரும்பி வருவான். அவரும் சேர்த்துக்கொள்வார்.

இத்தனை கண்டிப்பு ஏன்? சிகாகோவில் வாத்தியக்காரர் சங்கமே இரண்டாக இருந்தது. வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. 1966ல்தான் இரண்டும் ஒன்றாயின. பாதிக் கதவுகள் அடைத்திருக்கிற ஊரில், திறந்திருக்கிற கதவுக்குள் நுழைகிற பையன் ஸ்வரக் குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் பிசகில்லாமல் வாசிக்க வேண்டும். மன்னித்துவிட ஆள் கிடையாது. வெளியே காத்திருக்கும் உலகத்தின் கொடுமையைவிடத் தம்முடைய கைக்கோல் மெத்தென்றிருக்கும் என்பது காப்டனுக்குத் தெரியும்.

ஜானி கிரிஃபின் என்ற சிறு பையன் ஸாக்ஸபோன் வேண்டும் என்று வந்து நின்றான். முதலில் கிளாரினெட்டைக் கையில் கொடுத்தார். 1945ல் பள்ளிப் படிப்பு முடிந்த சில நாளைக்குள் அவனை லயனெல் ஹாம்டன் தம் புகழ் பெற்ற கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார். ஜீன் ஆமன்ஸ், வான் ஃப்ரீமன், நாட் கிங் கோல் எல்லாரும் காப்டனிடம் அடி எடுத்து வைத்தவர்களே. ரிச்சர்டு டேவிஸ் என்ற மாணவர் பின்னாளில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் சங்கீதப் பேராசிரியரானார்.

வாத்தியங்கள் வாங்கப் பணம்? வருஷந்தோறும் 'ஹை ஜிங்க்ஸ்' என்ற பெயரில் பிள்ளைகளே ஆடிப் பாடி நடிக்கும் கதம்ப நிகழ்ச்சி நடக்கும். ஊர் டிக்கெட் வாங்கும். அந்த வசூல் ஊதுகுழலாகவும் முரசாகவும் மாறும்.

சங்கீதம் மட்டும் அல்ல. ஆர்கன்ஸாஸில் ஒரு சிற்றூர். அங்கே கறுப்புப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஒரு தாய் சமைத்தும் துணி துவைத்தும் ரயில் சத்தத்துக்குக் காசு சேர்த்தாள். அது சேர்கிற வரையில் பையன் சும்மா திரியக் கூடாதென்று, தேறிய எட்டாம் வகுப்பையே மறுபடி படிக்கவைத்தாள். 1933ல் சிகாகோவுக்கு வந்த அந்தப் பையனைப் பட்டிக்காட்டு உடையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவனோ பள்ளிப் பத்திரிகையின் ஆசிரியனாகி, வகுப்புத் தலைவனாகி, 1936ல் வெளியேறினான். 1942ல் தாயாரின் மேஜை நாற்காலிகளை ஈடு வைத்து 500 டாலர் கடன் வாங்கிப் பத்திரிகை தொடங்கினான். 1945ல் 'எபனி' வந்தது. அவர்தான் ஜான் ஜான்ஸன். பள்ளிப் பத்திரிகையை வெட்டி வேலை என்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

தடை ஓட்டத்தில் பேர் வாங்கி, படிப்பை நடுவிலே விட்டுப் போன ஹெரால்டு வாஷிங்டன் 1983ல் அந்த நகரத்தின் முதல் கறுப்பு மேயரானார். சித்திரம் கற்பித்த மார்கரெட் பரோஸ் அம்மையார், பாடப் புத்தகத்தில் இல்லாத தம் மக்களின் சரித்திரத்துக்கு 1961ல் தம் வீட்டிலேயே ஒரு கண்காட்சிசாலை வைத்தார்.

இதையெல்லாம் கேட்டு, ஒதுக்கி வைத்ததும் ஒருவகையில் நல்லதாயிற்று என்று யாரேனும் சொல்லக் கூடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். டாக்டர் வீட்டுப் பிள்ளையும் சமையற்காரி பிள்ளையும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தது சமத்துவத்தால் அல்ல. இருவருக்கும் வேறு போக்கிடம் இல்லாததால். தடை தளர்ந்ததும் வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள். 1962ல் பள்ளியின் பக்கத்திலேயே, ஏழைகளுக்கென்று பதினாறு மாடிக் கட்டிடங்கள் 28 வரிசையாக எழுந்து முடிந்தன. பள்ளி மறுபடி பிதுங்கியது. துணை நிற்கிறவர்கள் குறைந்தார்கள். டயட் 1969ல் காலமானார்.

அவர் பெயரால் அதே தென்புறத்தில் இன்னொரு பள்ளி ஏற்பட்டது. பிள்ளைகள் குறைவு, மதிப்பெண் போதாது என்று 2012ல் அதை மூட முடிவு செய்து, 2015ல் மூடினார்கள். அந்த ஆகஸ்டில் பெற்றோர்களும் பாட்டிமார்களுமாகப் பன்னிரண்டு பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். 34 நாள் நடந்தது. அவர்கள் கேட்ட திட்டம் அப்படியே கிடைக்கவில்லை. ஆனால் 2016ல் பள்ளி திறந்தது, கலைகளுக்கான உயர்நிலைப் பள்ளியாக.

பரீட்சைக் கணக்கைக் காட்டி மூடிய கதவு, வாத்தியார் பெயரைச் சொல்லித் திறந்தது. ஊதுகுழல் வாங்க அன்றைக்கு டிக்கெட் வாங்கிய ஊரின் பேரப்பிள்ளைகள், இன்றைக்குத் தங்கள் பள்ளிக்காகச் சோற்றை விட்டார்கள். விருந்தாளிக்காக யாரும் பட்டினி கிடப்பதில்லை; சொந்தப் பிள்ளைக்காகத்தான் கிடப்பார்கள்.