பியானா தெலி அல்பனேசி

சிசிலித் தீவில், பலெர்மோவுக்குத் தெற்கே சுமார் 24 கி.மீ. தொலைவில் பிட்சூத்தா மலையடியில் உள்ள சிற்றூர். ஒட்டோமான் படைகளுக்கு அஞ்சிக் கடல் கடந்த அல்பேனியர்கள், 1488இல் மொன்ரியாலே பேராயரின் நிலத்தில் குடியேற எழுத்துமூல உடன்படிக்கை பெற்று இதை நிறுவினார்கள். அவர்கள் வழிவந்த அர்பரேஷ் மக்கள் இன்றும் தம் மொழியைப் பேசுகிறார்கள். கேரளத்துச் சீரோ மலங்கரைக் கத்தோலிக்கரைப் போல, போப்பை ஏற்றுக்கொண்டே கீழை மரபில் வழிபடுகிறார்கள். அந்த வழிபாட்டை வைத்து ஊர் 'கிரேக்கர் பியானா' எனப்பட்டது. இன்றைய பெயர் 1941இல் வந்தது.

மலையைப் பார்ப்பவர்களுக்கு, ஒதுங்கிக் கிடந்ததால்தான் இந்தப் பண்பாடு பிழைத்தது என்று தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பலெர்மோவின் அண்மையும் அங்கே கட்டிய அமைப்புகளுமே இதைக் காத்தன. இவ்வூர்ப் பாதிரியார் லூக்கா மத்ராங்கா 1592இல் அர்பரேஷில் ஞானோபதேச நூலை அச்சேற்றினார். பாதிரியார் ஜோர்ஜோ குட்செத்தா 1734இல் பலெர்மோவிலேயே குருமடம் தொடங்கியதால், கீழை மரபுக் குருக்கள் உள்ளூரிலிருந்தே உருவானார்கள். 1937இல் ஊர் தனி மறைமாவட்டத்தின் தலைமையிடமானது. வழிபாடு காப்பாற்றியது என்றால், சிசிலியின் பிற அல்பேனியர் ஊர்களான மெட்சோயூசோவிலும் பலாட்சோ அத்ரியானோவிலும் வழிபாடு நிலைத்தும் மொழி ஏன் மறைந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவ்வூர்களில் லத்தீன் மரபினர் பெருமளவில் கலந்து வாழ்ந்தார்கள். பியானாவில் வீதியும் சந்தையும் அர்பரேஷ் பேசுவோர் கையிலேயே இருந்தன. அமைப்பு அவசியம், அதுமட்டும் போதாது.

ஈஸ்டரன்று பெண்கள் பொற்சரிகை உடையும் வெள்ளி இடைக்கச்சையும் அணிந்து வீதியில் வருகிறார்கள். சிவப்புச் சாயமிட்ட முட்டைகள் வழங்கப்படுகின்றன. இந்த உடை பயணிகளுக்கான வேடம் என்ற குறையும் உண்டு. ஆனால் அது இங்குள்ள மணமகளின் உடை. வீடுகளில் தலைமுறை தாண்டிப் பேணப்படுவது. பார்வையாளர் கூடியிருக்கலாம், உடை அவர்களுக்காகத் தைக்கப்பட்டதல்ல. ஆனால் இங்குள்ள இயற்கை தீண்டப்படாததல்ல: ஊரருகே உள்ள ஏரி 1920களில் அணை கட்டி உருவானது. மலைப்பகுதியின் வரலாறும் அமைதியானதல்ல: பிட்சூத்தா இயற்கைக் காப்பகத்தை ஒட்டிய போர்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ரா கணவாயில், 1947 மே 1 அன்று தொழிலாளர் தினத்துக்குத் திரண்ட விவசாயிகள் மீது சல்வத்தோரே ஜூலியானோவின் கொள்ளைக்கும்பல் சுட்டதில் 11 பேர் இறந்தார்கள்.