கிழக்குப் பண்ணை மேற்கே போன கதை: 'இஸ்பிஸ்டர்' என்ற பெயர்

ஸ்காட்லாந்துக்காரர் பெயர் என்றால் முன்னால் ஒரு 'மெக்' இருக்க வேண்டும் என்பது நம்மில் பலருடைய நினைப்பு. மெக்டொனால்டு, மெக்கென்சி, மெக்லியோடு... இன்ன குலம், அதற்கு இன்ன கட்டம் போட்ட துணி என்று ஒரு கதையும் கூடவே வரும். இந்தப் பதிவு அந்த வகையில் சேராத ஒரு பெயரைப் பற்றியது. 'மெக்' இல்லை, குலத் தலைவர் இல்லை, கட்டம் போட்ட துணியும் இல்லை. பெயர் இஸ்பிஸ்டர்.

ஸ்காட்லாந்தின் பெருநிலத்தில் இந்தப் பெயரைத் தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கும். அதன் சொந்த இடம் வடக்கே கடலுக்குள் இருக்கும் ஆர்க்னி தீவுகள், அதற்கும் வடக்கே ஷெட்லாந்து. ஆர்க்னி என்பது எழுபது தீவுகள் கொண்ட ஒரு கூட்டம். அதில் ஆள் வசிப்பவை இருபது சொச்சம்தான். மொத்த மக்கள்தொகையே இன்றைக்குச் சுமார் 22 ஆயிரம். ஒரு குடும்பப்பெயர் அபூர்வமாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை, இல்லையா?

இந்தத் தீவுகள் ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்த கதையே தனி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் நார்வேக்காரர்கள் கப்பலேறி வந்து குடியமர்ந்தார்கள். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஆர்க்னி அவர்கள் கையில்தான். 1468-ல் டென்மார்க்-நார்வே அரசர் முதலாம் கிறிஸ்டியான் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்தின் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுக்க ஒப்பந்தம் செய்தார். வரதட்சணை 60 ஆயிரம் ஃப்ளோரின். கையில் அவ்வளவு காசு இல்லை. 50 ஆயிரத்துக்கு ஆர்க்னியை அடமானம் வைத்தார். அடுத்த வருடம் இன்னொரு 8 ஆயிரத்துக்கு ஷெட்லாந்தும் அடமானத்துக்குப் போனது. மீட்கவே இல்லை. 1472-ல் ஸ்காட்லாந்து இரண்டையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆக, வரதட்சணை பாக்கியால் ஸ்காட்டியப் பெயரான பெயர் இது :-)

ஆட்சி மாறினாலும் பேச்சு உடனே மாறவில்லை. நார்ன் என்ற நார்வே வழி மொழி ஆர்க்னியில் 18-ஆம் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்தது. மொழி செத்த பிறகும் அதன் எலும்புகள் ஊர்ப் பெயர்களில் கிடக்கின்றன. 'போல்ஸ்தாத்ர்' என்றால் பழைய நார்ஸ் மொழியில் பண்ணை, குடியிருப்பு. இந்த ஒரு சொல் ஸ்காட்லாந்து முழுக்க எத்தனை வேஷம் போட்டிருக்கிறது பாருங்கள். ஆர்க்னியிலும் ஷெட்லாந்திலும் அது 'பிஸ்டர்'. மேற்கே லூயிஸ், ஸ்கை தீவுகளில் 'போஸ்ட்': ஷாபோஸ்ட், கார்போஸ்ட். தெற்கே ஐலா தீவில் 'பஸ்'. பெருநிலத்தில் உல்லாபூல் என்ற துறைமுக ஊரின் வாலில் இருக்கும் 'பூல்' கூட இதே சொல்தான். குளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லின் வாலைப் பார்த்தே எந்தக் கடற்கரை என்று சொல்லிவிடலாம்.

இஸ்பிஸ்டரின் தலைப்பகுதியைப் பெரும்பாலும் 'கிழக்கே உள்ள' என்று விளக்குகிறார்கள். ஆக, 'கிழக்குப் பண்ணை'. பெரிய பண்ணை ஒன்று முதலில் இருந்திருக்கும், அதிலிருந்து பிரிந்து கிழக்கே ஒரு துண்டு உருவாகியிருக்கும், அதை மற்றவர்கள் அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள். இது எங்கு வேண்டுமானாலும் நடக்கக்கூடிய காரியம். அதனால்தான் இஸ்பிஸ்டர் என்ற இடம் ஒன்று அல்ல. ஆர்க்னியில் பர்சேயில் ஒன்று, ரெண்டாலில் ஒன்று, தெற்கு ரொனால்ட்சே தீவில் ஒன்று. ஷெட்லாந்திலும் உண்டு. ஒவ்வொரு பண்ணையில் இருந்தவர்களும் தனித்தனியாக இதைக் குடும்பப்பெயராக ஏற்றிருக்கலாம். எனவே 'எல்லா இஸ்பிஸ்டர்களும் ஒரே மூதாதையின் வாரிசுகள்' என்று பெயர் விற்கும் கடைகள் சட்டகம் போட்டுக் கொடுக்கும் சான்றிதழை நம்பிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

ஆர்க்னியில் இப்படிப் பண்ணையே குடும்பப்பெயர் ஆனது சர்வசாதாரணம். லிங்க்லேட்டர், ரெண்டால், மார்விக், ஃபூபிஸ்டர் எல்லாம் இடங்கள்தாம். ஷெட்லாந்தில் வழக்கம் வேறு. அங்கே அப்பா பெயரோடு 'மகன்' சேர்த்துத் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும் முறை 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் நீடித்தது. அப்பா பெயர் மாறிக்கொண்டே போகும்; பண்ணை பெயர் அங்கேயே நிற்கும்.

தெற்கு ரொனால்ட்சேயின் இஸ்பிஸ்டர் இன்னொரு காரணத்துக்காகவும் புகழ்பெற்றது. 1958-ல் அங்கே ஒரு விவசாயி தன் நிலத்தில் ஏறத்தாழ 5000 ஆண்டுப் பழமையான கல்லறை ஒன்றைக் கண்டுபிடித்தார். உள்ளே சுமார் 16 ஆயிரம் மனித எலும்புகள், கூடவே கடற்கழுகுகளின் எலும்புகள். 'கழுகுகளின் கல்லறை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நார்வேக்காரர்கள் வந்து 'கிழக்குப் பண்ணை' என்று பெயரிடுவதற்கு முன்பே அந்தக் கல்லறைக்கு ஏறத்தாழ நாலாயிரம் வயது ஆகிவிட்டது. அதைக் கட்டியவர்கள் அந்த இடத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களோ!

இதுவரை வந்தது ஒரு சின்னத் தீவுக்கூட்டத்தின் சின்னப் பெயர். இனிமேல்தான் கதை கடல் தாண்டுகிறது.

'கம்பெனி' என்றாலே நமக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிதான். அதற்கு எழுபது வயது இளைய தம்பி ஒன்று உண்டு: 1670-ல் லண்டனில் அரச சாசனம் பெற்ற ஹட்சன் பே கம்பெனி. வியாபாரம், கனடாவின் வடக்கில் பீவர் தோல். அதன் கப்பல்கள் ஒவ்வொரு கோடையிலும் அட்லாண்டிக்கில் இறங்கும் முன் கடைசியாக நின்று தண்ணீர் பிடித்த துறைமுகம் ஆர்க்னியின் ஸ்ட்ரோம்னஸ். தண்ணீரோடு ஆட்களையும் பிடித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த வழக்கம், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கம்பெனியின் கனடா ஊழியர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஆர்க்னிக்காரர்கள் என்ற நிலைக்கு வந்தது. ஏன் இவர்கள்? குளிர் பழக்கம், படகு பழக்கம். ஊர்ப் பள்ளியில் கொஞ்சம் எழுதப் படிக்கக் கற்றவர்கள். எல்லாவற்றுக்கும் மேல், சம்பளம் குறைவு. சாதாரணக் கூலியாளுக்கு வருடத்துக்கு 6 பவுண்டு. ஒப்பந்தம் ஐந்து வருடம்.

போனது குடும்பங்கள் அல்ல, கல்யாணமாகாத இளைஞர்கள். ஐரோப்பியப் பெண்களைக் கம்பெனி ஏற்றிச் செல்வதில்லை. (1806-ல் ஆர்க்னிப் பெண் இசோபெல் கன், ஆண் வேடமிட்டு வேலைக்குச் சேர்ந்தார். ஒன்றரை வருடம் யாருக்கும் தெரியாது. 1807 டிசம்பரில் பெம்பினா என்ற இடத்தில் குழந்தை பெற்ற பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அவர் வேடத்துக்கு வைத்துக்கொண்ட பெயர் ஜான் ஃபபிஸ்டர். இன்னொரு 'பிஸ்டர்' பண்ணை!) ஆகவே அந்த இளைஞர்கள் கிரீ முதலான பழங்குடிப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். பாதிரியாரும் பதிவேடும் கிடையாது. 'நாட்டு வழக்கப்படியான கல்யாணம்' என்று அதற்குப் பெயர். ஒப்பந்தம் முடிந்ததும் சிலர் பெண்டாட்டி பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். சிலர் தங்கிவிட்டார்கள். 1821-ல் எதிரிக் கம்பெனியோடு இணைப்பு நடந்து ஆட்குறைப்பு வந்தபோது, வேலை போனவர்களில் பலர் குடும்பத்தோடு ரெட் ரிவர் குடியிருப்பில் போய் இறங்கினார்கள். இன்றைய வின்னிபெக் நகரம் இருக்கும் இடம். அங்கே ஆர்க்னிப் பேச்சும் கிரீயும் கலந்து 'பங்கி' என்று ஒரு பேச்சு வழக்கே பிறந்தது.

பிள்ளைகளுக்கு அப்பா பெயர் ஒட்டிக்கொண்டது. ரெட் ரிவரில் சர்ச் வந்தபின் எழுதப்பட்ட ஞானஸ்நானப் பதிவுகளில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும். அம்மா இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு இந்தியப் பெண்' என்று மட்டும் பல இடங்களில் இருக்கும். குடும்பப்பெயர் பரவலைக் காட்டும் வரைபடங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். கனடாவில் இஸ்பிஸ்டர் என்று விழும் ஒவ்வொரு புள்ளியும் 'ஸ்காட்லாந்துக்காரர் குடியேறிய இடம்' அல்ல. பெரும்பாலும் அது ஒரு கிரீப் பெண்ணின் வம்சம். அவளுடைய பெயரை எழுத யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பெயரோடு பிறந்த இருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாமவர் அலெக்ஸாண்டர் கென்னடி இஸ்பிஸ்டர். 1822-ல் கம்பர்லாந்து ஹவுஸ் என்ற கம்பெனிக் கிடங்கில் பிறந்தார். அப்பா ஆர்க்னியிலிருந்து வந்த குமாஸ்தா. அம்மா மேரி கென்னடி. அவரும் ஆர்க்னி அப்பாவுக்கும் கிரீ அம்மாவுக்கும் பிறந்தவர். சிறுவயதில் பையனை ஆர்க்னிக்கே படிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்து 1838-ல் கம்பெனியில் சேர்ந்தார், வடக்கே மெக்கென்சி ஆற்றுப் பக்கம் வேலை பார்த்தார். கலப்புக் குருதிக்காரனுக்கு அங்கே ஒரு படிக்கு மேல் ஏற்றம் கிடையாது என்பது புரிந்தது. சில வருடங்களில் விட்டுவிட்டுப் பிரிட்டனுக்குப் போய்விட்டார். அபர்தீனிலும் எடின்பரோவிலும் படித்தார். லண்டனில் பள்ளித் தலைமையாசிரியர் ஆனார், சட்டப் பட்டமும் வாங்கினார், பாடப்புத்தகங்கள் எழுதினார்.

கம்பெனியை மறந்தாரா? இல்லை. 1847-ல் ரெட் ரிவர் மக்கள் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து எழுதிய மனுக்களைக் காலனி அமைச்சர் ஏர்ல் கிரேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர்தான். 1857-ல் நாடாளுமன்றம் கம்பெனியை விசாரிக்கக் குழு போட்டபோது அங்கேயும் போய்ச் சாட்சி சொன்னார். தன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சோறு போட்ட கம்பெனி அது. அதன் முகத்துக்கு நேரே நின்று, அந்த மண்ணின் மக்களை எப்படி நடத்துகிறாய் என்று கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். 1883-ல் இறந்தபோது தன் சொத்தின் பெரும்பகுதியையும் ஆயிரக்கணக்கான புத்தகங்களையும் மானிடோபா பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். பண உதவி பெறும் மாணவர் ஆணா பெண்ணா, எந்த இனம், எந்த மதம் என்று பார்க்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. 1883-ல்! புத்தகங்களில் பெரும்பாலானவை 1898-ல் வின்னிபெக்கில் நடந்த தீவிபத்தில் எரிந்துபோயின. அவர் பெயரில் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது.

இரண்டாமவர் ஜேம்ஸ் இஸ்பிஸ்டர், 1833-ல் பிறந்தவர். இவர் லண்டன் போகவில்லை. 1862-ல் வடக்கு சஸ்காட்சுவான் ஆற்றங்கரையில் நிலம் திருத்திப் பயிர் வைத்தார். சுற்றி வீடுகள் வந்தன. அந்த இடத்துக்கு 'இஸ்பிஸ்டர் குடியிருப்பு' என்றே பெயர். நாலு வருடம் கழித்து வந்து சேர்ந்த ஒரு பாதிரியார் அதற்குப் 'பிரின்ஸ் ஆல்பர்ட்' என்று விக்டோரியா மகாராணியின் கணவர் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயர்தான் நிலைத்தது. ஆர்க்னியில் ஊர்ப் பெயர் ஆள் பெயரானது. இங்கே ஆள் பெயர் ஊர்ப் பெயராகி, நாலே வருடத்தில் பறிபோனது.

1870-ல் கம்பெனி தன் ஆளுகையில் இருந்த பெரும் நிலப்பரப்பை 3 லட்சம் பவுண்டுக்குக் கனடாவுக்குக் கைமாற்றியிருந்தது. அங்கே இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலப்பட்டா கிடைக்காமல் மேட்டி மக்கள் (கலப்பு வம்சத்தில் உருவான தனி இனம் இவர்கள், 1982 அரசியல் சட்டம் அவர்களைப் பழங்குடி மக்களில் ஒருவராக அங்கீகரிக்கிறது) தவித்தார்கள். 1884-ல் தலைவர் லூயி ரியேலை அழைத்துவர மொன்டானாவுக்குக் குதிரையேறிப் போன நால்வரில், கேப்ரியல் தூமோன் முதலான பிரெஞ்சு மேட்டிகளோடு, ஆங்கிலம் பேசும் மேட்டிகள் சார்பில் போனவர் ஜேம்ஸ் இஸ்பிஸ்டர். 1885-ல் அது ஆயுதப் போராட்டமாக வெடித்தபோது இவர் துப்பாக்கி எடுக்கவில்லை. ஆனாலும் சிறையில் வைத்தார்கள். ரியேலைத் தூக்கிலிட்டார்கள். ஜேம்ஸ் 1915 வரை வாழ்ந்தார்.

இன்று மானிடோபாவிலும் சஸ்காட்சுவானிலும் மேட்டி, கிரீக் குடும்பங்களில் இஸ்பிஸ்டர் என்பது எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஏரிக்கும் ஆற்றுக்கும்கூட அந்தப் பெயர் உண்டு. ஆர்க்னியில் நின்று பார்த்தால் அபூர்வம், அங்கே போய் நின்றால் சகஜம்.

இங்கிலாந்தில் மட்டும் இந்தப் பெயருக்கு ஒரு வேடிக்கையான வாழ்வு. எச்.ஜி. வெல்ஸ் 1899-ல் வெளியிட்ட நாவலின் தொடக்கத்தில் வரும் ஓவியர் இஸ்பிஸ்டர். அரை நூற்றாண்டு கழித்து ஆந்தனி போவல் தன் நாவல் வரிசையில் படைத்த ஓவியரும் இஸ்பிஸ்டர். ஓவியனுக்கு ஏன் இந்தப் பெயர் பொருத்தமாகப் பட்டதோ! காதுக்குப் புதிதாகவும் இருக்க வேண்டும், கற்பனை என்று தெரியவும் கூடாது என்று தேடியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஹட்சன் பே கம்பெனி பின்னாளில் துணிமணி விற்கும் பெரிய கடைகளாக மாறி, 2025 ஜூனில் தன் கடைசிக் கடையையும் மூடிவிட்டது. அதன் பழைய ஏடுகள் வின்னிபெக்கில் மானிடோபா மாகாண ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஊழியர்கள் பலருக்குச் சுருக்கமான குறிப்புத் தாள்களும் தயாரித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பெயர், எந்த வருடம் எந்தக் கோட்டையில் என்ன வேலை, சொந்த ஊர்த் திருச்சபை வட்டம் எது என்ற விவரங்கள் இருக்கும். இந்தப் பெயர்க்காரர்களுக்கு இது பெரிய வசதி. பெயரை வைத்து எந்த 'கிழக்குப் பண்ணை' என்று சொல்ல முடியாது. அந்த ஊர்க் குறிப்பை வைத்துத்தான் பர்சேயா, ரெண்டாலா, தெற்கு ரொனால்ட்சேயா என்று பிரித்தறிய வேண்டும்.